பத்தாயிரம் டொலரும் ஐந்நூறு ரூபாவும்

2012ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து நான்கைந்து நாட்கள் இருக்கும். கடைசிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு மின்னஞ்சலைத் திறந்தபோது நண்பர் ஒருவரின் மகளிடமிருந்து கடிதமொன்று வந்திருந்தது. அவள் அப்போது அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் வருட மாணவி. "மாமா, இதோடை ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கிறன். பேப்பர்காரர் கண்ணாலை ஒருக்காப் பாருங்கோ. பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ. அடுத்த கிழமை குடுக்கவேணும்" என்று எழுதியிருந்தாள்.

இணைப்பைத் திறந்தேன். இலங்கையில் இளைஞர் சமாதான உச்சிமாநாடு ஒன்றை நடத்துவதற்கான விண்ணப்பம் அது. கோரப்பட்ட தொகை 10,000 அமெரிக்க டொலர். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் நிலவிய நாணயமாற்று விகிதப்படி ஏறத்தாழ 13 இலட்சம் ரூபா. கொழும்பில் ஒரு விடுதி மண்டபம், மூன்று நாள் அமர்வுகள், அறுபது இளைஞர்கள், அச்சிட்ட ரீசேட்டுகள், நிறைவு நாளில் ஒரு பிரகடனம். வாசித்துவிட்டு நான் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் சமாதானம் என்ற சொல் இந்த நாட்டில் பட்ட பாட்டை எங்களைப் போன்ற பத்திரிகையாளர்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். ஒரே வாரத்தில் மூன்று பயிற்சிப்பட்டறைகளுக்கு அழைப்பு வந்த காலம் அது. குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் கோப்பு ஒன்றும் பேனா ஒன்றும் தருவார்கள். வட்டமாக அமரவைத்து, பெரிய தாள்களில் பல நிற மைகளால் எழுதவைத்து, சுவரில் ஒட்டுவார்கள். மதியம் புரியாணி. மாலையில் கூட்டாக ஒரு நிழற்படம். அவற்றை நடத்தியவர்களில் உண்மையாக உழைத்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் சிலரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் 2008 ஜனவரியில் உடன்படிக்கையிலிருந்து அரசாங்கம் விலகி, 2009 மே மாதம் யுத்தம் அது முடிந்த விதத்தில் முடிந்தபோது, சுவரில் ஒட்டிய அந்தத் தாள்கள் எங்கே போயின என்று கேட்பதற்கே ஆட்கள் இருக்கவில்லை. "சமாதான வியாபாரிகள்" என்ற தொடர் பத்திரிகைகளில் சர்வசாதாரணமாகிவிட்டிருந்தது. நானும் அதை எழுதியவன்தான்.

ஆகவே இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி அதே சொல்லை இரண்டு பக்கத்துக்குள் பதினேழு இடங்களில் எழுதி அனுப்பியபோது எனக்குள் எழுந்தது அலுப்பு. எனினும் பதில் எழுதுவதற்கு முன்னர் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். பத்திரிகைத் தொழில் பழக்கிவிட்ட நல்ல குணங்களுள் அதுவும் ஒன்று.

தேடியதில் கிடைத்தது சுவையான கதை. கத்ரின் வாசர்மன் டேவிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1907ஆம் ஆண்டு பிறந்தவர். 1929இல், பெண்கள் தனியே பிரயாணம் செய்வதே அபூர்வமாக இருந்த காலத்தில், கொக்கேசஸ் மலைப்பகுதியில் குதிரையேறிச் சுற்றியவர். பின்னர் ஜெனீவாவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணவர் முதலீட்டுத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டியவர். சுவிற்சர்லாந்துக்கான அமெரிக்கத் தூதுவராகவும் இருந்தவர். 2007இல் நூறாவது பிறந்தநாள் வந்தபோது அந்த அம்மையார் விருந்து வைப்பதோடு நின்றுவிடவில்லை. பத்து இலட்சம் டொலரை ஒதுக்கி, தலா 10,000 டொலர் வீதம் நூறு சமாதானச் செயற்றிட்டங்களுக்குக் கொடுங்கள் என்றார். கொடுக்கவேண்டியது அரசுகளுக்கோ பெரிய நிறுவனங்களுக்கோ அன்று. பட்டப்படிப்பு முடியாத மாணவர்களுக்கு! ஓராண்டுப் பரிசாகத் தொடங்கியது அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. 2013இல் தமது 106ஆவது வயதில் அவர் காலமான பிறகும் அந்தக் குடும்பம் அதை நிறுத்தவில்லை. வேர்மண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரி அதன் நிர்வாகத்தைக் கவனிக்கிறது.

உலகில் சமாதானத்தின் பெயரால் மாணவர்களுக்கு வழங்கப்படும் உதவிகள் வேறும் உண்டு. றோட்டரிக் கழகத்தின் சமாதானப் புலமைப்பரிசில் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. 2002இல் அதன் முதல் தொகுதி மாணவர்கள் சேர்ந்தார்கள். பிராட்ஃபோர்ட், உப்சாலா, டோக்கியோ, குயின்ஸ்லாந்து போன்ற இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் படிப்புக்கு அது வழிசெய்கிறது. அது படிப்பதற்கான உதவி. டேவிஸ் அம்மையாரின் நிதியோ ஒரு கோடை விடுமுறையில் எதையாவது செய்து பார்ப்பதற்கானது. என் நண்பரின் மகள் விண்ணப்பித்த காலத்தில் அதற்குக் கேட்கப்பட்டவை இவ்வளவுதான்: என்ன செய்யப்போகிறாய் என்று இரண்டு பக்கம், வரவும் செலவும் சமப்படும் கணக்கு ஒரு பக்கம். முடிந்த பின்னர் ஓர் அறிக்கை, மறுபடியும் ஒரு கணக்கு. ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் வரும் விண்ணப்பங்களிலிருந்து தெரிவுசெய்து அனுப்பும்.

இதை அறிந்தபின் எனக்கு அலுப்புக் குறைந்து, ஆசிரியர் குழுவில் இருப்பவனுக்குரிய கோபம் வந்தது. நூறு வயதுக் கிழவி ஒருத்தி இவ்வளவு எளிமையாகக் கேட்கிறாள். இந்தப் பிள்ளை விடுதி மண்டபத்துக்கு வாடகை எழுதி அனுப்பியிருக்கிறாளே என்ற கோபம். தாளை அச்செடுத்துச் சிவப்பு மையால் கிறுக்கினேன். "அறுபது பேர் யார்? அவர்களை யார் தெரிவுசெய்வது? மூன்றாம் நாள் மாலை அவர்கள் எந்தப் பஸ்ஸில் ஏறி எந்த ஊருக்குப் போவார்கள்? நான்காம் நாள் அங்கே என்ன மாறியிருக்கும்?" என்று கேட்டு எழுதினேன். "பிரகடனம் வேண்டாம். இரண்டு ஊர்களைச் சொல்லு. அந்த ஊர்களில் ஆளை ஆள் விளங்கிக்கொள்ளாததால் நடக்காமற் போகும் காரியம் ஒன்றைச் சொல்லு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு நாட்களில் பதில் வந்தது. அவளுடைய தாயின் வழியில் திருகோணமலை மாவட்டத்தில் உறவினர்கள் இருந்தார்கள். அங்கே அருகருகே இரண்டு ஊர்கள். ஒன்று தமிழ் ஊர், மற்றது சிங்கள ஊர். இரண்டுக்கும் ஒரே சந்தை, ஒரே வைத்தியசாலை. ஒரு ஊரின் மொழி மற்ற ஊருக்குத் தெரியாது. பத்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளைச் சேர்த்து எட்டு வாரங்களுக்கு மாலை வகுப்பு நடத்துவது. பிள்ளைகளே இரு மொழிச் சொற்களையும் சேகரித்து ஒரு சிறிய சொற்புத்தகம் தயாரிப்பது. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் சிங்கள மாணவி ஒருத்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது. இதுதான் புதிய திட்டம். கடைசி வரியில் சந்தேகமும் இருந்தது: "மாமா, இது சமாதானமா, ரியூசனா?"

நல்ல கேள்விதான். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாட்டில், 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று எழுதிவைத்த பின்பும், வைத்தியரிடம் வலி எங்கே என்று சொல்ல முடியாத தாயும், தான் சொன்ன முறைப்பாடு எப்படி எழுதப்பட்டது என்று வாசிக்க முடியாமல் கையொப்பம் வைக்கும் தகப்பனும் இருக்கும்போது, ரியூசனுக்கும் சமாதானத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அகிம்சை என்பது தியாகம். காந்தியும் கிங்கும் யாரிடமும் விண்ணப்பம் எழுதிப் பணம் பெறவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் சமாதானம் செய்வது வெட்கம் இல்லையா? வெளிநாட்டுப் பணம் என்றவுடன் எங்கள் நாட்டில் எழும் சந்தேகத்தை அவள் தன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நாஷ்வில் மாணவர்களின் கதையை அவளுக்கு விரிவாக எழுதினேன். அதை இங்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் லோசன் என்ற கறுப்பின இளைஞர் கொரிய யுத்தக் காலத்தில் இராணுவச் சேவையை மறுத்துச் சிறைசென்றவர். விடுதலையான பின்னர், 1953இல், மெதடிஸ்த திருச்சபையின் சார்பில் நாக்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் கல்லூரியொன்றில் பணியாற்றினார். அங்கே சத்தியாக்கிரகத்தை ஆழமாகக் கற்றார். நாடு திரும்பிய பிறகு 1957இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தெற்குக்கு இப்போதே வாருங்கள் என்று கிங் அவரை வற்புறுத்தினார். டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்குப் போய், வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்துகொண்டு, அந்நகரின் கல்லூரி மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி வகுப்புகளை நடத்தத் தொடங்கினார். தேவாலயமொன்றில் நடந்த அந்த வகுப்புகளுக்கு வந்தவர்களில் டயான் நாஷும் ஜோன் லூயிஸும் இருந்தார்கள்.

பயிற்சி என்றால் சொற்பொழிவு என்று நினைத்துவிடக்கூடாது. மாணவர்களில் சிலர் வெள்ளையின வெறியர்களாக நடிப்பார்கள். மற்றவர்களைக் கெட்ட வார்த்தைகளால் ஏசுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். ஏச்சு வாங்குபவர் திருப்பி ஏசாமல், அடிக்காமல் இருந்து பழகவேண்டும். அடி விழுந்தால் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் விழுந்து கிடப்பவரை எப்படி மறைப்பது என்றெல்லாம் பழகினார்கள். இப்படி மாதக்கணக்கில் தயாரான பின்னர்தான் 1960 பெப்ரவரி 13ஆம் திகதி, வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடைகளில் போய் அமர்ந்தார்கள். நல்ல உடை உடுத்து, பாடப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் போனார்கள். அதே மாதம் 27ஆம் திகதி அவர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களை விட்டுவிட்டு, அமர்ந்திருந்த மாணவர்களில் எண்பது பேர் வரையில் பொலிசார் கைதுசெய்தார்கள். ஒரு தொகுதியினரைக் கொண்டுபோனதும் அடுத்த தொகுதியினர் வந்து அதே ஆசனங்களில் அமர்ந்தார்கள். ஏப்ரல் 19ஆம் திகதி, மாணவர்களுக்காக வழக்காடிய கறுப்பினச் சட்டத்தரணியின் வீடு குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நகரமண்டபத்துக்கு நடந்தார்கள். நிறத்தைக் கொண்டு மனிதரை ஒதுக்குவது சரியா என்று டயான் நாஷ் மேயரிடம் நேருக்கு நேர் கேட்டார். சரியல்ல என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் திகதி நகரின் ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கின.

இந்த வரலாற்றில் பணத்துக்கு இடமே இல்லை என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் லோசன் அப்போது 'நல்லிணக்கத் தோழமை' என்று தமிழில் சொல்லக்கூடிய பழைய சமாதான அமைப்பொன்றின் தென்பிராந்தியச் செயலாளராக இருந்தார். அந்தப் பதவிதான் அவரை ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்க விட்டது. அதே ஏப்ரல் மாதத்தில், பல மாநிலங்களிலும் தனித்தனியே கிளர்ந்தெழுந்த மாணவர்களை வட கரோலைனாவின் ஷோ பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட்டினார் எல்லா பேக்கர் என்ற அம்மையார். அவருக்கு அப்போது 56 வயது. கிங்கின் அமைப்பிடமிருந்து அந்தக் கூட்டத்துக்காக அவர் பெற்றுக்கொடுத்த தொகை 800 டொலர். கூட்டத்தில், பெரியவர்களின் அமைப்புக்கு நீங்கள் இளைஞர் பிரிவாகிவிட வேண்டியதில்லை, உங்கள் காரியத்தை நீங்களே நடத்துங்கள் என்று மாணவர்களை ஊக்குவித்தார். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்ற இயக்கம் அங்கேதான் பிறந்தது.

நண்பரின் மகளுக்கு நான் எழுதிய கடிதத்தில் இந்த 800 டொலரைத்தான் அடிக்கோடிட்டிருந்தேன். பணத்தால் அகிம்சை பிறக்காது. ஆனால் பயிற்சிக்கு இடம் வேண்டும், பஸ் கட்டணம் வேண்டும், சாப்பாடு வேண்டும். அவற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்கும் பெரியவர் ஒருவரும் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இதை எப்படிப் பார்த்தன என்பதற்கும் லோசனின் வாழ்க்கையே சாட்சி. 1960 மார்ச்சில் வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஆசிரியர்கள் பலர் அதை எதிர்த்துப் பதவி விலக முன்வந்தார்கள். 2006இல் அதே பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பின்னர் அகிம்சை இயக்கங்களை ஆராய்வதற்கு அவருடைய பெயரிலேயே ஒரு நிறுவனத்தையும் அமைத்தது. 2024 ஜூனில், 95ஆவது வயதில் அவர் காலமானார். கலகக்காரன் என்று துரத்திய மாணவனைக் கௌரவிக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த இரவில்தான், இருபத்து மூன்று ஆண்டுகளாக யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் என் நினைவுக்கு வந்தது.

நான் கலைப்பீட மாணவனாக இருந்த 1980களின் பிற்பகுதி எப்படிப்பட்டதென்று அந்தத் தலைமுறையினருக்குச் சொல்லத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு யுத்தம். தெற்கில் இன்னொரு கிளர்ச்சியும் அதை அடக்கிய பயங்கரமும். விடுதியில் எனக்கு அடுத்த அறையில் சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். தென்மாகாணத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவர், வரலாறு படித்தார். சிங்கள மாணவர்களின் சுவரொட்டிகள் எங்களுக்கு விளங்குவதில்லை. தமிழ் மாணவர்கள் எதை அஞ்சுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இருவரும் சேர்ந்து மாதம் ஒருமுறை இரண்டு மொழிகளிலும் நான்கு பக்கத் தாளொன்றை றோனியோவில் அடித்துக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். யாரையும் திட்டாமல், இந்த மாதம் இன்னின்ன ஊரில் இன்னின்னது நடந்தது என்று மட்டும் எழுதுவது. ஸ்டென்சிலுக்கும் தாளுக்கும் கணக்குப் பார்த்தோம். முதல் மூன்று இதழ்களுக்கும் ஐந்நூறு ரூபா போதும்.

எங்களிடம் ஐந்நூறு ரூபா இருக்கவில்லை. அதைவிட, பெரியவர் ஒருவரின் கையொப்பம் இருக்கவில்லை. பொறுப்பான இடத்திலிருந்த ஒருவரிடம் போனோம். கெட்ட மனிதர் அல்லர். நாங்கள் எழுதிய தாளை முழுதாக வாசித்தார். "தம்பிமார், உங்களுக்கு ஏன் இந்த வேலை? படித்து முடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவருக்கும் பயம். இன்று அவருடைய நிலையில் நின்று யோசித்தால் அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

சில வாரங்களில் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. நண்பர் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். மாதங்கள் பல கழிந்து மறுபடி திறந்தபோது அவர் வரவில்லை. 1989இன் கடைசி மாதங்களில் ஒரு இரவு வந்தவர்கள் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அவருடைய தாயாருக்கு அதற்குமேல் எதுவும் தெரியவரவில்லை.

அந்த நான்கு பக்கத் தாள் வெளிவந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது வெளிவந்த குற்றத்துக்காகவே எங்கள் இருவரையும் கொண்டுபோயிருக்கவும்கூடும். ஆனால் அந்தக் காலத்து இளைஞனுக்கு முன்னால் இரண்டு பாதைகள் மட்டுமே திறந்திருந்தன: துவக்கைத் தூக்குவது அல்லது வாய்மூடிப் படித்துவிட்டுப் போவது. மூன்றாவது பாதையொன்றை வெட்டிப் பார்க்க நினைத்தவர்கள் எங்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளுக்கான ஆசிரியர் அமைப்பில் உழைத்த மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட காலத்தில் மாணவர்களின் பக்கம் நின்று, "இது நல்ல காரியம், செய்யுங்கள்" என்று சொல்வதற்கு ஒரு நிறுவனமும் இருக்கவில்லை.

சரி, அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவளுடைய விண்ணப்பம் தெரிவாகியது. ஜூன் மாதம் வந்து இறங்கினாள். முதல் இரண்டு வாரங்கள் அனுமதிக் கடிதங்களுக்காக ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைவதில் போயின. எட்டு வாரம் ஆறு வாரமாயிற்று. வகுப்புக்கு ஒரு முன்பள்ளிக் கட்டடம் கிடைத்தது. பிள்ளைகள் முதலில் சமையலறைச் சொற்களைச் சேர்த்தார்கள், பிறகு வயற் சொற்கள், பிறகு உடம்பின் உறுப்புகள். மூன்றாம் வாரம் தாய்மார் சிலர் வாசலில் வந்து நின்று வைத்தியசாலைச் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள். சிங்கள ஊர்த் தாய்மார் சந்தையில் விலை பேசுவதற்கான தமிழைக் கேட்டிருக்கிறார்கள். அது திட்டத்தில் இல்லாத விடயம். அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தனி வகுப்பு வைத்தார்கள்.

நான்காம் வாரம் ஒரு ஊரின் மாடுகள் மற்ற ஊரின் வயலுக்குள் இறங்கிவிட்டன. வாய்ச்சண்டை கைகலப்பு வரை போயிற்று. பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஐந்து நாள் வகுப்பு இல்லை. கடைசியில் இரு ஊர்ப் பெரியவர்களும் அவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த முறையில் நட்டஈடு பேசி முடித்தார்கள். மறுபடி வகுப்பு தொடங்கியபோது பாதிப் பிள்ளைகளே வந்தார்கள்.

முடிவறிக்கையின் நகலை எனக்கு அனுப்பினாள். "எங்கள் செயற்றிட்டம் அந்தச் சண்டையைத் தடுக்கவில்லை, தீர்க்கவும் உதவவில்லை" என்று ஒரு வசனம் அதில் இருந்தது. இதை எடுத்துவிடவா என்று கேட்டாள். வைத்திரு என்றேன். பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளை எத்தனையோ ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். அப்படியொரு வசனத்தை அவற்றில் கண்டதில்லை. சமாதானத்தை எப்படி வரையறுக்கிறாய் என்பது அறிக்கையில் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. என் வயலில் உன் மாடு இறங்கினால் முதலில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடியதாக இருப்பது, என்று எழுதியிருந்தாள். ஜனவரியில் அவள் அனுப்பிய முதல் விண்ணப்பத்தின் பதினேழு இடங்களையும் நினைத்துக்கொண்டேன்.

கணக்கும் சரியாக இருந்தது. தேநீர்ச் சீனி வரை பற்றுச்சீட்டு வைத்திருந்தாள். மிஞ்சிய பணத்தைத் திருப்பி அனுப்பினாள்.

இந்த வகை உதவிநிதிகளுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை பல. ஒரு கோடை விடுமுறைக்குள் யாரும் சமாதானம் கட்ட முடியாது. அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பணம் அந்த ஊரிலேயே வாழும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. மொழி தெரியாத ஊருக்குப் போய் நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களும் இருப்பார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. துணைக்கு நின்ற சிங்கள மாணவியைப் பற்றி நான் அப்போதே யோசித்தேன். அவளும் அதே வயது, அதே உழைப்பு. ஆனால் அவளுடைய பல்கலைக்கழகத்தில் இப்படியொரு விண்ணப்பப் படிவம் இல்லை.

என் கவலையெல்லாம் அந்தப் படிவத்தைப் பற்றியதுதான். நமக்கு இது அந்நியமான மரபு அன்று. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் கூடிய மாணவர்களும் இளம் ஆசிரியர்களுமே. 1958இல், இனக்கலவரம் நாட்டைச் சுட்ட அதே ஆண்டில், ஏ. ரி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்ட கனதொலுவ கிராமத்துக்குச் சிரமதானம் செய்யப் போனார். சர்வோதய இயக்கம் அந்த மாணவர் முகாமிலிருந்து வளர்ந்தது.

இன்று எங்கள் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இராப்போசன விருந்து வைத்துப் பணம் சேர்க்கின்றன. மண்டபம் கட்டுகிறோம், மதில் கட்டுகிறோம், நுழைவாயிலில் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கிறோம். வேண்டியதுதான். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இரண்டு பக்கமும் ஒரு கணக்கும் கேட்டால் என்ன? ஒரு தமிழ் மாணவரும் ஒரு சிங்கள மாணவரும், அல்லது ஒரு முஸ்லிம் மாணவரும், இருவராகச் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். தோற்றால் தோற்றோம் என்று எழுதும் உரிமையையும் கொடுக்கலாம். பத்தாயிரம் டொலர் தேவையில்லை. அதில் இருபதில் ஒரு பங்கு கையில் இருந்தாலே தொடங்கிப் பார்க்கக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு செய்திக்காகத் திருகோணமலைப் பக்கம் போனபோது அந்த முன்பள்ளியை எட்டிப் பார்த்தேன். மாலை வகுப்பு நின்றுவிட்டிருந்தது. அலுமாரி இருந்தது, அதில் புத்தகங்களும் இருந்தன. பிள்ளைகள் கையால் எழுதிப் பிரதியெடுத்த சொற்புத்தகம் ஒன்று சந்தையில் ஒரு மீன் வியாபாரியின் மேசைக்கடியில் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. விற்பீர்களா என்று கேட்டேன். "அது வேணும் ஐயா, தரமாட்டன்" என்றார்.

மாணவர்கள் எவராவது இப்படியொரு விண்ணப்பத்தை எங்கேனும் அனுப்ப நினைத்தால் எனக்கு எழுதுங்கள். சிவப்பு மை இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.